காதுக்குப் பின்னால் ஓர் உப்புக்கல்

தெக்லா பிறந்து நாற்பத்தோராம் நாள் காலை பதினொரு மணிக்கு அவளுடைய இரண்டு உள்ளங்கைகளிலும் உப்பு விளைந்தது. முதலில் ஈரம் கண்டது, ஈரத்தின்மேல் பாலாடை போல ஒன்று படர்ந்தது, அந்த ஆடை உடைந்து சின்னச் சின்னக் கட்டங்களாகி, எங்கள் வாசலிலிருந்து கடல்வரைக்கும் கிடக்கிற பாத்திகளில் எப்படி விளையுமோ அப்படியே, அவசரப்படாமல், வரிசை பிசகாமல் விளைந்தது. பிள்ளை அழவில்லை. யாரோ வாங்கிக்கொள்ள வருவார்கள் என்பதுபோல் கைகளை விரித்து வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

எங்கள் வெள்ளைக்கோடு ஊர் என்று சொல்லும்படியானதல்ல. உப்பளத்தை ஒட்டி ஒரே வரிசையில் கட்டிய இருபத்திரண்டு வீடுகள், ஒரு குழாய், சிலுவை வைத்த ஒரு குருசடி, அவ்வளவுதான். இங்கே எல்லோரும் உப்பில் வேலை செய்கிறவர்கள், உப்பில் நின்று நின்று கால் வெடித்தவர்கள், வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் சுருங்கியவர்கள். ஆகவே ஒரு பிள்ளையின் கையில் உப்பு விளைந்திருக்கிறது என்ற சேதி முதல் வீட்டிலிருந்து கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, கல்லா பொடியா என்று கேட்டார்கள்.

"கல்லுதான்," என்றார் அமலி மதினி. "சின்னக் கல்லு. ஆனா நல்ல வெள்ளை."

மதினி என் கணவர் லியோனின் அக்கா. பதினான்கு வயதில் பாத்தியில் இறங்கியவர், கல்யாணம் வேண்டாமென்று எங்களோடு இருக்கிறவர். நானோ டவுனில் கான்வென்ட் விடுதியில் தங்கிப் பன்னிரண்டு வரை படித்தவள், பிள்ளையைத் தூக்கினால் கழுத்து ஒடிந்துவிடுமோ என்று பயப்படுகிறவள், நகம் வெட்டப் பயப்படுகிறவள், அவள் தும்மினால் பயப்படுகிறவள், தும்மாவிட்டாலும் பயப்படுகிறவள். ஆகவே எண்ணெய் தேய்ப்பது, குளிப்பாட்டுவது, சாம்பிராணி காட்டுவது எல்லாம் மதினிக்கு என்றும், மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது எனக்கு என்றும் நாங்கள் பேசாமலே பிரித்துக்கொண்டிருந்தோம். மதினி உப்பைப் பார்த்தார். தீப்பெட்டி அட்டையைக் கிழித்து எடுத்தார். பாத்தியில் பலகையால் வாருகிற மாதிரியே, மணிக்கட்டிலிருந்து விரல்நுனி நோக்கி, தோல் நோகாமல் வாரி ஒரு தேக்கரண்டியில் சேர்த்தார்.

"மதினி, அது அப்படியே இருக்கட்டுமே. ஆஸ்பத்திரில காட்டிட்டு..."

"விளைஞ்சத விட்டு வைக்கப்புடாது ஏட்டி. வாருனாத்தான அடுத்தது விளையும்?"

அது உப்பளத்தில் எல்லோருக்கும் தெரிந்த முறை. விளைந்ததை வாராமல் விட்டால் பாத்தி சோம்பிப்போகும் என்பார்கள். வாரி எடுக்க எடுக்க அது கொடுத்துக்கொண்டே இருக்கும். மதினி சொன்னது பாத்திக்குச் சரி. பிள்ளைக்கும் சரியாகவே இருந்தது, அதுதான் என் வயிற்றெரிச்சல். மதினி வாரி முடித்த பத்தாவது நிமிடத்தில் தெக்லாவின் கைகளில் மறுபடி ஈரம் கண்டது.

வீணாக்குவது மதினிக்குத் தெரியாது. அந்த ஒரு கரண்டி உப்பை மத்தியானக் கஞ்சியில் போட்டார். அன்றைக்கு அந்தக் கஞ்சியைக் குடித்தவர் ஏழாம் வீட்டு மிக்கேல் சித்தப்பா, லியோனின் அப்பாவுடைய தம்பி. இருபது வருடமாகச் சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைக்குப் போய், ராத்திரி யாராவது தூக்கிக்கொண்டு வந்து போடுகிற மனிதர். அன்றைக்கும் போனார், வாங்கினார், ஊற்றினார், வாய்வரைக்கும் கொண்டுபோனார், கீழே வைத்துவிட்டு வந்துவிட்டார். ஆறரை மணிக்கு வாசலில் காலடிச் சத்தம் கேட்டதும் விசெந்தி சித்தி திருடன் என்று நினைத்து விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தாராம்.

"என்ன, கடை பூட்டிக் கிடக்கா?"

"இல்ல. போதும்னு இருந்துச்சு."

"என்னது போதும்?"

"தெரியல விசெந்தி. போதும்னு இருந்துச்சு, அம்புட்டுத்தான்."

சித்தி விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாராம், பிறகு சோறு போட்டாராம், பிறகு பின்பக்கம் போய் உட்கார்ந்து அழுதாராம்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வெயில் ஏறுவது மாதிரி நடந்தது, எந்த நிமிடத்தில் ஏறியது என்று யாரும் சொல்ல முடியாது. பதினொரு வருடமாகக் குழாயடியில் சண்டை போட்ட கிளாடிஸும் முத்துமாரியும் ஒரு காலையில், ஏச்சில் அம்மாவை இழுக்கப்போகிற இடத்தில், குடங்களைக் கீழே வைத்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, போதும்டி என்று சொல்லிக்கொண்டார்கள். அளத்தில் உச்சிவெயிலில் பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்கள். கங்காணி தவசிமுத்து சைக்கிளில் வந்து, "என்னளா, உங்க அப்பன் வீட்டு அளமா?" என்று சத்தம் போட்டவர், அவர்கள் நீட்டிய கஞ்சியை வாங்கிக் குடித்துவிட்டுக் குடையை மடக்கி வைத்து, "சரி, உக்காருங்க, வெயில் தாழட்டும்," என்று தானும் உட்கார்ந்துகொண்டார். பங்குச் சாமியாருடைய முக்கால் மணி நேரப் பிரசங்கம் ஏழு நிமிடத்தில் முடிந்தது. அன்றைக்குத்தான் எல்லோருக்கும் இது புதுமைதான், ஆண்டவர் செய்த அற்புதம்தான் என்று உறுதியானது.

அந்த உப்பில் தனி ருசி எதுவும் கிடையாது. தொண்டைக்குக் கீழே இறங்கியதும், உள்ளே ஓயாமல் எதையோ பிசைந்துகொண்டிருக்கிற ஒரு கை, பிசைவதை விட்டுவிடும். அவ்வளவுதான். ஒரு சிட்டிகை ஒரு நாள் தாங்கும். மறுநாள் காலையில் கரைந்துபோகும், அந்தக் கை மறுபடி எழுந்துகொள்ளும். ஆகவே மறுநாள் பதினொரு மணிக்கு எங்கள் வாசலில் இருபத்திரண்டு வீட்டுக்கும் ஆள் நிற்கும். வீட்டுக்கு ஒரு சிட்டிகை. யாரும் முண்டியடிக்கவில்லை, யாரும் இரண்டு கேட்கவில்லை, வெறுங்கையோடு யாரும் வரவும் இல்லை. எனக்குப் பால் ஊற வேண்டுமென்று பால்சுறா கொண்டுவந்தார்கள், முருங்கைக்கீரை கொண்டுவந்தார்கள், பூண்டு உரித்தே கொண்டுவந்தார்கள். பேராசைக்காரர் ஒருவர்கூட அந்த வரிசையில் இருந்ததில்லை. இருந்திருந்தால் நான் அவர் மூஞ்சியில் கதவைச் சாத்தியிருப்பேன்.

நான் தின்றேன், பால் ஊறியது, தெக்லா குடித்தாள். குடித்துக்கொண்டே இருந்தாள். குடித்ததெல்லாம் உள்ளங்கைக்குப் போனது.

சுகாதார நர்ஸ் சண்முகவடிவு அக்கா மாதம் ஒருதரம் தராசை எடுத்துக்கொண்டு வருவார். பிறந்தபோது மூன்று கிலோ இருநூறு. உப்பு விளைவதற்கு முந்தின நாள் நான்கு கிலோ நூறு. அடுத்த மாதம் நிறுத்தபோது மூன்று எண்ணூறு. அக்கா அட்டையில் புள்ளி வைத்தார், முந்தின புள்ளியையும் அதையும் கோடு போட்டுச் சேர்த்தார், கோடு கீழே இறங்கியது.

"பால் பத்தலையோ?"

"வேணுங்கிற அளவு இருக்குக்கா."

"அப்ப எங்க போகுது?"

நான் பிள்ளையின் கையை விரித்துக் காட்டினேன். அக்காவுக்குத் தெரியாததல்ல, அவரும் போன வாரம் ஒரு சிட்டிகை வாங்கிப் போனவர்தான், அவருடைய மாமியாருக்கு.

டவுனில் பிள்ளைகள் டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் தெக்லாவின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வேர்வையில் உப்பு அதிகமாக இருக்கலாம் என்றார், பவுடர் பால் எழுதிக் கொடுத்தார், பரிசோதனைக்கென்று கொஞ்சம் உப்பை ஒரு சின்னக் குப்பியில் வாரி எடுத்துக்கொண்டார். அடுத்த தடவை போனபோது அவருடைய அறை காலியாக இருந்தது. டாக்டர் இப்போதெல்லாம் சாயங்காலம் வருவதில்லை, வீட்டில் பிள்ளைகளோடு இருக்கிறார் என்று சீட்டுக் கொடுக்கிற பெண் சந்தோஷமாகச் சொன்னாள்.

நான் ஏன் கதவைச் சாத்தவில்லை என்று கேட்கலாம். லியோன் லாரியில் உப்பு மூட்டை ஏற்றுகிறவர். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு ஷிப்ட். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அவருக்கு நிற்கத் தெரியாது. ஒரு லாரி போனால் அடுத்த லாரி, அது போனால் அடுத்தது, பிரசவ வலி வந்த அன்றைக்கும் மூட்டைக்கடியில் இருந்தார். அந்த உப்பைத் தின்ற நாளிலிருந்து நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தார். வந்து, தெக்லாவை மடியில் போட்டுக்கொண்டு, அவள் நெற்றியை ஒரு விரலால் தடவிக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்க நான் இரண்டு வருடம் காத்திருந்தேன். ஆகவே கோடு கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டும், அவர் வருகிற காலடிக்குக் காதைக் கொடுத்துக்கொண்டும், வாசலைத் திறந்துதான் வைத்திருந்தேன்.

"நீயும் ஒரு சிட்டிகை போட்டுக்க," என்பார் மதினி. "இந்தப் பயம் போயிரும். கண்ணெல்லாம் குழி விழுந்து போச்சு பாரு."

நான் மட்டும் தொடவில்லை. தின்றால் பயம் போதும் என்று ஆகிவிடும். எனக்குப் போதும் என்றாகிவிட்டால் பிறகு பிள்ளைக்கு யார் பயப்படுவது?

மே மாதக் கடைசியில், யாரும் எதிர்பாராத மழை மூன்று நாள் பெய்தது. அளத்தில் குவித்து வைத்திருந்த உப்பெல்லாம் கரைந்துவிடும் என்று வெள்ளைக்கோடு முழுக்க ஓலையும் தார்ப்பாயும் தூக்கிக்கொண்டு ஓடியது. மதினியும் ஓடினார், லியோனும் ஓடினார். மூன்று நாளும் அவர்கள் குவியல்களைக் கட்டிப்பிடித்தபடி அங்கேயே கிடந்தார்கள். வீட்டில் நானும் தெக்லாவும் மட்டும். பதினொரு மணிக்கு உப்பு விளைந்தது, வாருவதற்கு யாரும் வரவில்லை, வாருவதற்கு எனக்குக் கை வரவில்லை. தெக்லா தூக்கத்தில் கையை மடக்கித் தலைக்கடியில் வைத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் கையை நீட்டினாள். உள்ளங்கை காய்ந்திருந்தது.

நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி. ஒரு மணி. ஈரம் வரவில்லை. பால் குடித்தாள், குடித்து முடித்து, எத்தனையோ நாளைக்குப் பிறகு முதல்தடவையாக, தானாகவே வாயை எடுத்துக்கொண்டாள். அவள் தலையைத் திருப்பியபோதுதான் பார்த்தேன். இடது காதுக்குப் பின்னால், மயிர் தொடங்குகிற இடத்தில், கடுகளவு ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தில் கச்சிதமாக ஓர் உப்புக்கல் உட்கார்ந்திருந்தது.

கான்வென்ட்டில் உயிரியல் பாடத்தில் ஒரு படம் வரைந்திருக்கிறேன், பத்துக்குப் பத்து வாங்கியிருக்கிறேன், அதோடு மறந்துவிட்டேன். உடம்பின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் நொதிகள் என்று வேலைக்காரர்கள் உண்டு. ஒரு பொருளை உண்டாக்க நாலைந்து நொதிகள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி வேலை செய்யும். கடைசியில் உண்டாகிற பொருள் போதுமான அளவு சேர்ந்ததும், அதில் ஒரு துளி திரும்பிப் போய் வரிசையின் முதல் நொதிமேல் உட்காரும். வேலை நடக்கிற வாயில் உட்காராது, முதுகுப்பக்கம் அதற்கென்றே இருக்கிற வேறொரு பள்ளத்தில் உட்காரும். உட்கார்ந்ததும் அந்த நொதியின் உருவமே கொஞ்சம் கோணிக்கொள்ளும், வாய் சரியாகப் பிடிக்காது, வேலை நிற்கும். பிறகு அந்தப் பொருள் செலவாகிக் குறைந்ததும் பள்ளத்தில் இருந்த துளி கழன்றுகொள்ளும், உருவம் நிமிரும், வேலை மறுபடி தொடங்கும். அல்லோஸ்டெரிக் என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். அது பரீட்சைக்கு என்றுதான் நினைத்திருந்தேன். என் பிள்ளையின் காதுக்குப் பின்னால் அது இருக்குமென்று எனக்கு யார் சொன்னார்கள்?

மழை விட்டு லியோன் வந்ததும் சொன்னேன். நொதி என்றால் அவருக்குப் புரியாது. அளத்தை வைத்துச் சொன்னேன்.

"உப்பு அம்பாரம் நெறஞ்சதும் என்ன செய்வீங்க?"

"கடைசிக் கூடைக்காரி வந்து, வாருறவன் தோளத் தட்டுவா. அவன் நிறுத்திருவான்."

"கையவா தட்டுவா?"

"கைய எதுக்குத் தட்டணும்? கைல பலகை இருக்கும்லா. தோளத்தான்."

"நம்ம பிள்ளைக்குத் தோளு இதுதாங்க," என்று காதுக்குப் பின்னால் காட்டினேன். "அவ உப்பு அவளத் தட்டணும். நாம அதுக்கு முன்னாடி எல்லாத்தையும் வாரிக் குடுத்திருதோம். தட்டுறதுக்கு ஆளே இல்ல. அவ நிறுத்தாம வாரிக்கிட்டே இருக்கா."

லியோன் குனிந்து பிள்ளையின் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். மூன்று நாளில் தெக்லாவின் கன்னம் பிடித்திருந்தது, அவருக்கும் தெரிந்தது. ஆனால் அந்த மூன்று நாளில் அவரும் உப்புத் தின்றிருக்கவில்லை. விரல்கள் தாமாக மடங்கி மடங்கி விரிந்துகொண்டிருந்தன.

"சரி எமல்டா," என்றார். "யாருக்கும் குடுக்க வேண்டாம்." சொல்லிவிட்டு எழுந்து, லாரி வந்திருக்குமென்று போனார். ராத்திரி வரவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு வரிசையிடம் சொன்னேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பாவம் பச்சைப்பிள்ளை, நாங்க என்ன கல்நெஞ்சக்காரங்களா, என்றார்கள். ஒத்துக்கொண்டு, நின்றார்கள். கடைசியில் விசெந்தி சித்தி மட்டும் முன்னால் வந்தார். மழை மூன்று நாளும் மிக்கேல் சித்தப்பா பழையபடி கடைக்குப் போய்விட்டிருந்தார். சித்தியின் உதடு கிழிந்திருந்தது. "இன்னைக்கு மட்டும்மா," என்றார்.

அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டு எப்படி மாட்டேன் என்பது? கொடுத்தேன். அடுத்தநாள் லியோனுக்காக நானே கொடுத்தேன், இன்றைக்கு மட்டும் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். இருபத்திரண்டு வீட்டிலும் எல்லோருக்கும் இன்றைக்கு மட்டும்தான் தேவைப்பட்டது, ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாள் இன்றைக்காக இருந்தது.

ஒரு கல்லை மட்டும் ஒளித்துக் காதுக்குப் பின்னால் வைப்பேன். காலையில் வைத்தது குளித்து வரும்போது இருக்காது. மதினி காதுமடலை மடக்கி, பின்பக்கம் எண்ணெய் போட்டு, கட்டைவிரலால் தேய்தேய் என்று தேய்ப்பார். "அங்க அழுக்குச் சேருது ஏட்டி, தெனமும் உப்பு மாதிரி ஒண்ணு." வேண்டாமென்றேன். சரி என்றார். கைக்குத்தான் சரி என்று சொல்லத் தெரியாது, அது நாற்பது வருடமாக வாருகிற கை.

ஜூலையில் சண்முகவடிவு அக்கா தராசோடு சரியாகப் பதினொரு மணிக்கு வந்துவிட்டார், வரிசை நின்றுகொண்டிருந்தது. நிலைச்சட்டத்தில் கொக்கியை மாட்டி, துணித்தொட்டிலில் தெக்லாவைப் போட்டுத் தொங்கவிட்டார். முள் கொஞ்சம் ஆடி நின்றது. அக்கா குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார், பிறகு பிள்ளையை இறக்காமலே திரும்பி வரிசையைப் பார்த்துச் சொன்னார்.

"பொறந்தப்ப மூணு இருநூறு. இன்னைக்கு மூணு நூறு. எல்லாரும் வந்து பாத்துக்கோங்க."

ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் படித்துச் சொன்னார்கள். தொட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கைகளில், அவ்வளவு பேர் நிற்கும்போதே, உப்பு விளைந்துகொண்டிருந்தது, முன்னைவிட வேகமாக, முன்னைவிடப் பொடியாக. கங்காணி தவசிமுத்து தலையிலிருந்து துண்டை எடுத்தார். அன்றைக்கு ஒருவரும் இன்னும் உப்பைத் தொட்டிருக்கவில்லை. தொடாமலே, முத்துமாரிதான் முதலில், "போதும்," என்றாள். பிறகு எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அழுகை வந்தது. மூன்று மாதமாக நான் கேட்கக் காத்திருந்த சொல் அது.

நான் ஒரு கல்லை எடுத்துக் காதுக்குப் பின்னால் வைத்தேன். அது உருண்டு விழுந்தது.

இன்னொன்று வைத்தேன். உருண்டு விழுந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். பள்ளம் இருந்த இடத்தில் தோல் வழவழவென்று இருந்தது.

"மதினி, இங்க ஒரு குழி இருந்துச்சே?"

"இருந்துச்சு. பொம்பளப் பிள்ளைக்கு அங்க குழி கிடந்தா நல்லாவா இருக்கும்னு தெனமும் தேச்சு நெரவி விட்டுட்டேனே," என்றார் மதினி. விதைப்பதற்கு முன் நிலத்தை உழுகிற மாதிரி, உப்பு விளைவதற்கு முன் பாத்தியைக் காலால் மிதித்து மிதித்துச் சமமாக்குவார்கள், அதற்கு நிரவுவது என்று பெயர். வெள்ளைக்கோட்டில் மதினியைப்போல நிரவ ஆளில்லை. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே விளங்கியது. என் முகத்தைப் பார்த்தார். தன் கட்டைவிரலைப் பார்த்தார். "நானா?" என்றார். "ஏட்டி, நானா?"

அன்பாகத்தான் தேய்த்தார்.

நர்ஸக்கா பிளாஸ்திரி ஒட்டிப் பார்த்தார், வேர்வையில் நழுவியது. துணி கட்டிப் பார்த்தோம், பிள்ளை தலையை ஆட்டியதும் கல் விலகியது. எல்லாம் தோற்றபிறகு நான் ஒரு கல்லை வைத்து, விழாமலிருக்க, சுட்டுவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வதென்று தெரியாமல்தான் பிடித்தேன். சற்று நேரத்தில் தெக்லாவின் கைகள் காய்ந்தன. விரலை எடுத்தேன், ஈரம் வந்தது. வைத்தேன், நின்றது.

அன்று பகலும் ராத்திரியும் நான் விரலை எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் உட்கார்ந்தபடியே கண் செருகி, விழித்துப் பார்த்தபோது விரல் நழுவியிருந்தது, பிள்ளையின் இரண்டு பக்கமும் பாயில் இரண்டு குவியல் உப்பு இருந்தது, அவள் உதடு வறண்டு ஒட்டியிருந்தது. நான் போட்ட கூச்சலில் இருபத்திரண்டு வீடும் வந்துவிட்டது.

தவசிமுத்து அண்ணாச்சிதான் முறை போட்டார். அளத்தில் ஆள் பிரிக்கிற மாதிரியே போட்டார், வீட்டுக்கு ஒரு மணி நேரம், நகம் வெட்டியிருக்க வேண்டும், சோப்புப் போட்டுக் கழுவியிருக்க வேண்டும், தூங்கிவிழுகிற ஆளுக்குப் பகல் முறை. பதினொரு மணிக்கு வரிசை நிற்பதற்குப் பதிலாக இப்போது ஒருவர் எழுந்ததும் ஒருவர் உட்காருகிறார்கள். சாமியார்கூட வியாழக்கிழமை ஒரு மணி நேரம் வருகிறார், அவர் முறையில் பிள்ளை நன்றாகத் தூங்குகிறாள். பிரசங்கம் மறுபடி முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. குழாயடியில் மறுபடி சண்டை, கிளாடிஸும் முத்துமாரியும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், பிறகு முத்துமாரி கையைக் கழுவிக்கொண்டு வந்து என் பிள்ளையின் காதுக்குப் பின்னால் விரலை வைத்துக்கொண்டு மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கிறாள். லியோன் இரண்டு ஷிப்ட் போகிறார், அவர் முறைக்கு மட்டும் மூட்டையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவருகிறார். மதினி தனக்கு முறை வேண்டாம் என்றார். குளிப்பாட்டுவதையும் விட்டுவிட்டார். அவர் முறை என்று அட்டவணையில் இருக்கிற ஒரு மணி நேரமும் வாசலில் நின்று, பிடித்திருக்கிறவரின் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதிலும் ஒரு சங்கடம் உண்டு. வைத்த கல் விரல்சூட்டில் ஒரு நாளைக்குள் கரைந்துவிடும். கரைந்ததும் கைகளில் ஈரம் வரும். வரட்டும் என்று காத்திருந்து, புதுக் கல் ஒன்று விளைந்ததும் எடுத்து வைக்க வேண்டும். ஒன்று போதும். ஆனால் அது ஒன்றாக விளையாது, நாலைந்தாக விளையும். அந்த நேரத்தில் முறையில் இருப்பவரின் கண்ணெதிரே, ஒரு நாள் முழுக்கத் தாங்குகிற நிம்மதி, ஒரு சிட்டிகை, பிள்ளையின் விரித்த கையில் கிடக்கும். மிச்சத்தைத் தண்ணீரில் கரைத்துப் பிள்ளைக்கே ஊட்டிவிட வேண்டும் என்று நர்ஸக்கா சொல்லியிருக்கிறார். எவ்வளவு நாளைக்கு இப்படி என்று அவரிடம் கேட்டேன். "தெரியலம்மா," என்றார். பள்ளம் மறுபடி விழுமா என்று கேட்டேன். அதற்கும் அதையேதான் சொன்னார். அட்டையில் கோடு இறங்கவில்லை, ஏறவும் இல்லை, படுத்துக் கிடக்கிறது.

நேற்றுக் கல் கரைந்தது மிக்கேல் சித்தப்பாவின் முறையில்.

அவர் முறை கேட்டபோதே நான் வேண்டாம் என்றேன். குடித்துவிட்டு வரமாட்டேன் என்று குருசடியில் அடித்துச் சொன்னார். சொன்னபடி குடிக்காமல்தான் வந்தார், ஆனால் குடிக்காததால் கை நடுங்கியது. சட்டையெல்லாம் வேர்த்து ஒட்டியிருந்தது. உட்கார்ந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, தெக்லாவின் கைகளில் ஈரம் கண்டது, ஆடை படர்ந்தது, ஐந்து கல் விளைந்தது. சித்தப்பா குனிந்து ஒரு கல்லை எடுத்து, இரண்டு தடவை தவறவிட்டு, மூன்றாம் தடவை காதுக்குப் பின்னால் வைத்து விரலால் அழுத்தினார். கைகள் காய்ந்தன. மிச்சம் நாலு கல் அங்கேயே இருந்தது. வீட்டில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. அவருடைய இன்னொரு கை, மடியில் கிடந்த கை, மெல்ல எழுந்து பிள்ளையின் உள்ளங்கை பக்கம் போனது.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் போட்டால் அவர் அதிர்ந்து விரலை எடுத்துவிடுவார். பாய்ந்து பிடித்தாலும் எடுத்துவிடுவார். என்னால் செய்ய முடிந்ததாக அந்த அறையில் ஒன்றுமே இல்லை.

அந்தக் கை பாதியில் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையையே பார்த்தபடி சொன்னார்.

"எமல்டா, இந்தக் கைய வந்து பிடிச்சுக்கம்மா. அது நான் சொன்னா கேக்காது."

போய் உட்கார்ந்து அவருடைய மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அப்படியே ஒரு மணி நேரம் இருந்தோம். அடுத்த முறைக்காரர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றுகிறவரைக்கும் நடுக்கம் நிற்கவில்லை, அது அவருடையதா என்னுடையதா என்று எனக்குத் தெரியவில்லை.